நாலாம் பாதை உயிரோடு இருக்கிறது

பொதுக் குரல் காப்பகத்தின் வாசலில் ஒரு பித்தளைப் பலகை உண்டு. "எல்லாப் பாதைகளும் சமம், எல்லாப் பாதைகளும் நலம்" என்று அதில் பொறித்திருக்கும். தினமும் காலையில் இரண்டு பேர் வந்து அதைத் துடைத்துவிட்டுப் போவார்கள். ஒரு அலுவலகம் தன் நலத்தைத் தானே வாசலில் எழுதி மாட்டியிருந்தால், உள்ளே யாருக்கோ உடம்பு சரியில்லை என்று அர்த்தம். முதல் நாள் அங்கே போன பிரேக் மாஸ்டருக்கு இதெல்லாம் தெரியாது. செருப்பை நன்றாகத் துடைத்துக்கொண்டு மரியாதையாகத்தான் உள்ளே போனார்.

பிரேக் மாஸ்டர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பயிற்சிக் காரில் கற்றுக்கொள்பவரின் காலடியில் ஒரு பிரேக் இருக்கும். பக்கத்து இருக்கையில் மாஸ்டரின் காலடியில் இன்னொன்று இருக்கும். வாழ்க்கையில் பாதியை அந்த இரண்டாவது பிரேக்கின் மேல் கால் வைத்தே கழித்தவர் அவர். வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலும் வலது கால் தரையை அழுத்திக்கொண்டுதான் இருக்கும். அவர் பெயரை ஊரே மறந்துவிட்டது. மனைவி மட்டும் "என்னங்க" என்று கூப்பிடுவாள், இப்போது அப்படிக் கூப்பிடவும் ஆள் இல்லை.

"ஆள் இல்லை" என்றுதான் அவரும் சொல்வார். "அவ இல்லாத நேரமாப் பாத்து கேஸ் தீந்துபோச்சு", "அவ இல்லல்ல, அதான் வீடு இப்படிக் கிடக்கு". கேட்பவர்கள் அவள் பக்கத்துத் தெருவுக்குப் போயிருக்கிறாள் என்று நினைத்தாலும் நினைக்கலாம். எட்டு மாதத்துக்கு முன்னால் ஆபரேஷனுக்குப் போனவள் வீடு திரும்பவில்லை, அதுதான் நடந்தது. அதற்கு உரிய வார்த்தை மட்டும் அவர் தொண்டை வரைக்கும் வரும், உடனே வலது கால் தரையை அழுத்தும், வார்த்தை நின்றுவிடும். அவளுடைய வீட்டுச் செருப்பு வாசலில் கழற்றிப் போட்ட வாக்கிலேயே, ஒன்று நேராகவும் ஒன்று கோணலாகவும் கிடந்தது. அப்பாவும் மகளும் அதைத் தாண்டித் தாண்டித்தான் போய் வந்தார்கள்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் அவள் குரல் காப்பகத்துக்குப் போய் மகளுக்காகப் பேசி வைத்திருந்தாள். யார் வேண்டுமானாலும் அங்கே ஒரு சிறிய அறைக்குள் உட்கார்ந்து பேசலாம். பேசியது பத்திரமாக இருக்கும். வீட்டார் ஒரு எண்ணைச் சுழற்றி, தங்கள் ரகசிய எண்ணைச் சொன்னால் கேட்கலாம். நல்ல ஏற்பாடுதான். நல்ல ஏற்பாட்டை நாசம் பண்ணத்தான் நிர்வாகம் என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள்.

கல்லூரிக்குப் போகும் மகள் ஒரு நாள் துணிந்து அந்த எண்ணைச் சுழற்றினாள். குரல் வந்தது. அம்மாவேதான்.

"பாப்பா, அம்மா பேசுறேன். நாளைக்குக் காலைல ஆபரேஷன். டாக்டரைப் பாத்தா நல்லவராத்தான் தெரியுறார்."

அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. ஒரு வாக்கியம் சொல்லும் நேரத்துக்கு வெறுமை. பிறகு மறுபடி:

"அப்பாவைப் பத்திச் சொல்லணும். அவரு எல்லாத்துக்கும் பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இருப்பாரு. நீ அதுக்குக் கோவிச்சுக்காத."

மறுபடி வெறுமை. பிறகு: "எனக்கு ஏதாவது ஆச்சுன்னா அழாம இருக்காதீங்க. ரெண்டு பேரும் சேந்து உக்காந்து அழுங்க. ஒரு வாரம் போதும்."

கடைசியாக இன்னொரு வெறுமை. அத்தோடு பதிவு முடிந்தது.

மகள் போனை வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்தாள். "அம்மா நல்லாத்தான் பேசுறாங்கப்பா. நடுவுல நடுவுல யாரோ அவங்க வாயைப் பொத்துறாங்க" என்றாள்.

அன்றிலிருந்து அவளுக்கு அதுவே வேலையாகிவிட்டது. கல்லூரி நின்றது, சாப்பாடு பேருக்கு ஆனது. குரல் வரும் இடங்களை விட்டுவிட்டு, வெறுமையான இடங்களை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாள். "இது சும்மா நிசப்தம் இல்லப்பா. உள்ள யாரோ மூச்சு விடுறாங்க, கேளுங்க" என்று போனை அவர் காதில் வைத்தாள். அவரும் கேட்டார். மெல்லிய மூச்சு ஒன்று இருந்தது. மனைவியின் மூச்சை அவருக்குத் தெரியாதா? இது அவளுடையது இல்லை. வயசான ஒரு ஆண் தொண்டையைச் செருமப் போய், மரியாதைக்காக அடக்கிக்கொள்வது போல இருந்தது.

"அம்மாவை யாரோ புடிச்சு வச்சிருக்காங்க. போய்க் கேளுங்கப்பா. முழுசா வாங்கிட்டு வாங்க" என்றாள் மகள். முழுப் பதிவும் வந்தால் இவள் எழுந்து நடமாடுவாள், வராவிட்டால் இவளும் அந்த வெறுமைக்குள்ளேயே போய்விடுவாள் என்று அவருக்குப் பட்டது. அதற்குத்தான் பித்தளைப் பலகையைத் தாண்டிப் போனார்.

புகார் ஜன்னலில் இருந்த பெண்மணி பொறுமைசாலி. "என்ன சார் பிரச்சினை?" என்றாள்.

"பதிவுல கால்வாசி காணோம்மா."

"காணாம போக வாய்ப்பே இல்ல சார். இங்க நாலு பாதை இருக்கு. பேசுறதை எல்லாம் ஒரு வாக்கியம் ஒரு துண்டுன்னு நறுக்கி, முதல் துண்டு முதல் பாதை, ரெண்டாவது ரெண்டாம் பாதை, இப்படி நாலுலயும் வரிசையா கிடங்குக்கு அனுப்புவோம். ஒரே பாதையில கூட்டம் சேராது. அஞ்சாவது துண்டு மறுபடி முதல் பாதை. சீட்டுக்கட்டு போடுற மாதிரி. உங்க புகாரையும் அப்படித்தான் அனுப்பப் போறேன். வாயால சொல்லுங்க, பதிவு ஆகுது."

மாஸ்டர் சொன்னார். என்ன நடந்தது, என்று நடந்தது, என்ன வேண்டும், தான் யார் என்று நாலே வாக்கியத்தில் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் திரும்பினார். ஒரு வாரம் கழித்துப் பதில் வந்தது. புகார் கொடுத்தவர் தான் யார் என்று சொல்லாததால் நிராகரிக்கப்படுகிறது என்றிருந்தது.

மறுபடி போனார். இந்த முறை தான் யார் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டார். தமக்கு என்ன வேண்டும் என்பது கடைசியில் போய்ச் சேர்ந்தது. "தங்கள் துயரம் அறிந்தோம். தங்களுக்கு எதுவும் தேவையில்லை என்பதையும் அறிந்தோம். நன்றி" என்று பதில் வந்தது.

மூன்றாவது முறை மாஸ்டருக்கு ஒரு யோசனை. மூன்று வாக்கியத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, நாலாவதாக ஒன்றுமே சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு நின்றார். ஜன்னல் பெண்மணியின் முகம் மாறிவிட்டது.

"சார், நாலாம் பாதைக்கு ஒண்ணுமே குடுக்காம ஒதுக்கி வைக்கிறீங்க. அது பாரபட்சம். வாசல்ல பலகையைப் படிக்கலையா? ஏதாவது சொல்லுங்க, அனுப்பியே ஆகணும்."

"என்னத்தைச் சொல்றது?"

"எதையாவது சொல்லுங்க. எப்படியும் அங்கதானே போகுது" என்றவள், தான் என்ன சொன்னோம் என்று உறைத்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டு ஜன்னலைச் சாத்தினாள். செவிடன் காதில் சங்கு ஊதினால்கூட சங்கு மிஞ்சும். இங்கே சங்கிலும் கால்வாசி போய்விடும் போலிருந்தது.

மாஸ்டர் ஆனாலும் விடவில்லை. மறுநாள் அலுவலகம் திறக்கும்போதே கூடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். அப்போதுதான் அந்தத் தினசரிச் சடங்கைப் பார்த்தார்.

கூடத்தின் எதிர்ச் சுவரில் நாலு பேசும் குழாய்கள் வாயைத் திறந்துகொண்டு நின்றன. ஒவ்வொன்றும் ஒரு பாதையின் அதிகாரி உட்காரும் அறைக்குப் போனது. மேலே நாலு பச்சை விளக்குகள். இயக்குநர் அம்மையார் மாடியிலிருந்து இறங்கி வந்தார், ஊழியர்கள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். அம்மையார் முதல் குழாயில் வாயை வைத்து, "முதல் பாதை?" என்றார். "இருக்கேன்" என்று கணீரென்று பதில் வந்தது. இரண்டாவது, "இருக்கேன்." மூன்றாவது, கொட்டாவியோடு, "இருக்கேன்."

நாலாவது குழாயிடம் போகும்போது அம்மையாரின் நடை தளர்ந்தது. கூடத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவரும் தத்தம் நகத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள். யாரோ ஜன்னலைத் திறந்துவிட்டது போல ஒரு குளிர் தரையோடு தரையாக வந்தது. ஜன்னல்கள் எல்லாம் மூடித்தான் இருந்தன.

"நாலாம் பாதை?"

முதலில் தொண்டையைச் செருமப் போய் மரியாதைக்காக அடக்கிக்கொண்ட ஒரு மூச்சு. அப்புறம், வெகு தூரத்திலிருந்து, "இருக்கேன்."

"நாலும் நலம்" என்று அம்மையார் அறிவித்தார். எல்லோரும் உட்கார்ந்தார்கள், வேலை ஆரம்பித்தது. மாஸ்டர் மட்டும் உட்காரவில்லை. அந்த மூச்சை அவருக்குத் தெரியும். மகள் நாள் முழுவதும் கேட்டுக்கொண்டிருக்கும் மூச்சு அது.

முதல் பாதை அதிகாரி அப்போது தேநீர் குடிக்க வெளியே வந்தார். கழுத்துப்பட்டையும் தொப்பையுமாக ஒரு ஆள். பேச ஆள் கிடைத்தால் விடமாட்டார். மாஸ்டர் அவரைப் பிடித்துக்கொண்டார்.

"சார், அந்த நாலாம் பாதையில என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலையே. விளக்கு எரியுது பாருங்க."

"விளக்கு எரிஞ்சா பாதை நல்லா இருக்குன்னு அர்த்தமா?"

"விளக்குக்குக் கரண்ட் வருதுன்னு அர்த்தம்" என்றார் அதிகாரி, யோசித்துவிட்டு. பிறகு அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "சொன்னா யார்கிட்டயும் சொல்லக் கூடாது. அந்த அதிகாரி தவறிட்டார் சார். மூணு வருஷம் ஆச்சு. மத்தியானம் மேஜையிலயே நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு சாஞ்சிட்டார். நாங்க எல்லாரும் அவர் வீட்டுக்குப் போய்த் துக்கம் கேட்டுட்டு வந்தோம். நான்தான் அவர் சம்சாரத்துக்கு ஆறுதல் சொன்னேன். அன்னிக்கே அவர் அறை வழியாப் போற கம்பியும் கருகிப் போச்சுன்னு பேச்சு. மறுநாள் காலைல இயக்குநர் அம்மா வழக்கம்போல குழாயில கூப்பிட்டாங்க. பழக்கதோஷம். நாலாவதையும் கூப்பிட்டுட்டாங்க. 'இருக்கேன்'னு பதில் வந்துருச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? வந்த பதிலை வரலைன்னு எப்படிச் சொல்றது? நாங்க கேக்குறது ஒரே கேள்விதான், இருக்கியா இல்லையான்னு. இருக்கேன்னுட்டார். கொண்டுபோய்ச் சேக்குறியான்னு நாங்க யாரையும் கேக்குறதில்ல. கேட்டா எங்களையும் கேக்க வேண்டி வரும்."

கம்பியைப் பார்க்கப் போனீர்களா என்று மாஸ்டர் கேட்டார். அந்தத் தாழ்வாரத்துக்கே யாரும் போவதில்லை என்றார் அதிகாரி. தேநீர்க்காரர் மட்டும் தினமும் அறை வாசலில் ஒரு கோப்பையை வைத்துவிட்டு ஓடி வந்துவிடுவாராம். பதவி இருக்கும் வரைக்கும் தேநீரும் உண்டு.

"இந்த மூணு வருஷமா ஊர்ல எத்தனை பேர் பேசி வச்சிருப்பாங்க. யாருமே கேக்கலையா சார்?"

"ஒவ்வொருத்தர் பதிவுலயும் கால்வாசி இருக்காதுதான். ஆனா ஜனங்க நல்லவங்க சார். நம்ம ஆள் பேசும்போது துக்கம் தொண்டையை அடைச்சிருக்கும், அதான் நடுவுல நிறுத்துறார்னு நினைச்சுக்குறாங்க. சொல்லப்போனா, இப்பல்லாம் பதிவு ரொம்ப உருக்கமா இருக்குன்னு பாராட்டு வருது."

இதைக் கேட்ட மாஸ்டருக்குக் கோபம் வந்ததா அழுகை வந்ததா என்று அவருக்கே தெரியவில்லை. நேராக மாடிப்படி ஏறினார். இயக்குநர் அம்மையாரின் அறையில் சுவர் முழுக்க நாலு தடித்த கோடுகள் வரைந்த படம் ஒன்று தொங்கியது. அலமாரியில் வரிசையாகக் கேடயங்கள். அம்மையார் அவரை உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார். மரியாதையில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

"உங்க வருத்தம் புரியுது. ஆனா பாதைன்னா என்னன்னு முதல்ல புரிஞ்சுக்கணும்" என்று அம்மையார் ஆரம்பித்தார். "எங்க கடமை அனுப்புறது. போய்ச் சேருறது பாதையோட கடமை. நாலு பாதைக்கும் நாங்க சமமா அனுப்புறோம். நாலாம் பாதைக்கு ஒரு துண்டுகூடக் கொறச்சதில்ல. இன்னும் சொன்னா, மத்த மூணு பாதையிலயும் அப்பப்ப ஏதாவது பழுதுன்னு தகவல் திரும்பி வரும். நாலாம் பாதையில இருந்து இதுவரைக்கும் ஒரு பழுதுத் தகவல்கூட வந்ததில்ல. எதுவுமே வந்ததில்ல. அதனாலதான் சிறந்த பாதைக்கான கேடயம் மூணு வருஷமா அதுக்கே."

அலமாரியில் பளபளத்த கேடயங்களை மாஸ்டர் பார்த்தார். "மேடம், ஒரு ரோடு அடைஞ்சு கிடந்தா வண்டியை அடுத்த ரோட்டுல திருப்பி விட மாட்டாங்களா?"

"அடைஞ்சிருக்குன்னு யார் சொன்னா?"

"என் சம்சாரம் குரல்ல கால்வாசி இல்ல."

"அது உங்க பக்கத்து அனுபவம். எங்க பக்கத்துல நூறு சதவீதம் அனுப்பியாச்சு." அம்மையார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "திருப்பி விடுற வசதி இல்லாம இல்ல. நல்ல வசதியே இருக்கு. ஒரு பாதை செத்துருச்சுன்னு அறிவிச்சுட்டாப் போதும், அதுல தேங்கி நிக்கிற துண்டெல்லாம் தானா மத்த மூணு பாதை வழியாப் போய்ச் சேந்துரும். ஒண்ணுகூட வீணாகாது. ஆனா அதை அந்தப் பாதையோட அதிகாரிதான் தன் வாயால சொல்லணும். அது விதி. அவர் தினமும் இருக்கேன்னுதானே சொல்றார்."

"அவர்தான் தவறிட்டாராமே மேடம்."

அறையில் குளிர் ஏறியது. அம்மையார் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அதை அவர்கிட்ட யார் சொல்றது? நீங்க சொல்லுங்க பாப்போம். ஒரு மனுஷன் மூணு வருஷமா லீவே போடாம வேலை பாக்குறார். வீட்டுக்கே போறதில்ல. அவர் அளவுக்கு ஒழுங்கா இங்க யாருமே வர்றதில்ல. அவரைப் போய் இல்லைன்னு சொன்னா மத்த ஊழியர்கள் என்ன நினைப்பாங்க? இன்னிக்கு அவர், நாளைக்கு யாருன்னு ஒவ்வொருத்தரும் தன்னைத் தொட்டுப் பாத்துக்குவாங்க." சாத்திய கதவை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார். "எனக்கே சில நாள், மூணாவது குழாயில கொட்டாவி சத்தம் கேக்குறப்ப சந்தேகம் வருது. கேக்குறதில்ல. கேக்காம இருக்குறதுதான் நிர்வாகம்."

பூனைக்கு மணி கட்டுவது யார் என்று மாஸ்டர் கேட்கவில்லை. வணக்கம் சொல்லிவிட்டு இறங்கினார். கீழே தேநீர்க்காரர் ஒரு கோப்பையோடு தாழ்வாரத்தின் தொடக்கத்தில் நின்று தன்னைத் தயார்படுத்திக்கொண்டிருந்தார். "குடுங்க, நான் கொண்டு போறேன்" என்றார் மாஸ்டர். தேநீர்க்காரர் கோப்பையை அவர் கையில் திணித்துவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார்.

தாழ்வாரம் நீளமானது. நடுப்பகல்தான். வெயில் ஜன்னல் வழியாக வந்து தரையில் விழுந்திருந்தது, ஆனால் அந்த வெயிலில் சூடு இல்லை. நடக்க நடக்க ஏதோ முணுமுணுப்பு கேட்டது. கல்யாண மண்டபத்துக்கு வெளியே நின்றால் உள்ளே நூறு பேர் பேசுவது கேட்குமே, அது போல. கதவில் "நாலாம் பாதை" என்ற பலகை. யாருமே வராத இடத்தில் அதையும் யாரோ துடைத்து வைத்திருந்தார்கள். மாஸ்டர் தட்டினார்.

"வாங்க, வாங்க. திறந்துதான் இருக்கு" என்றது குரல்.

மேஜைக்குப் பின்னால் ஒல்லியான ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். சட்டை மடிப்புக் கலையவில்லை. தோளிலும் தலையிலும் மட்டும் மெல்லிய தூசி, அலமாரி மேல் படிவது போலப் படிந்திருந்தது. ஜன்னல் வெளிச்சம் அவர் மேல் விழுந்தும் அவர் ஊடாகப் பின்னால் இருந்த நாற்காலியின் முதுகு மங்கலாகத் தெரிந்தது. மாஸ்டர் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"மூணு வருஷத்துல உள்ள வந்த முதல் ஆள் நீங்கதான்" என்றார் பெரியவர். அவர் குரலில் அவ்வளவு சந்தோஷம். "உக்காருங்க சார். சத்தம் தொந்தரவா இருக்கா? பழகிடும்."

சத்தம் அறை முழுக்க இருந்தது. சுவரோரமெல்லாம் குரல்கள். ஒரு பெண் "அதனாலதான்டா" என்றாள், அத்தோடு நின்றாள். ஒரு கிழவர் "மன்னிச்சுரு" என்றார். ஒரு குழந்தை "தாத்தா" என்றது, மறுபடி "தாத்தா" என்றது. ஊரில் பேசி வைத்தவர்கள் எல்லோருடைய நாலாவது துண்டும் அங்கே போக வழியில்லாமல் நின்றது. அவற்றுக்கு நடுவில் மாஸ்டருக்குத் தன் மனைவியின் குரல் கேட்டது. வார்த்தை புரியவில்லை. அடுக்களையில் குழாயைத் திறந்துவிட்டு அவள் பேசும்போது கூடத்தில் இருக்கும் அவருக்கு எப்படிக் கேட்குமோ, அப்படிக் கேட்டது. அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

"ஒண்ணுகூடத் தொலைக்கல சார்" என்றார் பெரியவர். "வந்ததெல்லாம் பத்திரமா இருக்கு. தினமும் ஒரு தடவை எல்லாத்தையும் பக்கத்துல வச்சுக் கேப்பேன். பேசுனதை யாருமே கேக்கலைன்னா பாவம் இல்லையா?"

"என் பொண்ணு பதிவுல மூச்சுச் சத்தம் கேக்குதுங்குறா."

பெரியவர் பதறிவிட்டார். "என் மூச்சா விழுந்துருச்சு? மன்னிக்கணும். குழந்தை பயந்துருச்சா?"

"பயந்துட்டா. சாப்பிடுறதில்ல."

"நானும் சாப்பிடுறதில்ல" என்றார் பெரியவர். "பசி இல்ல. தூக்கம் இல்ல. டீ வாசல்லயே ஆறிப் போகுது, எழுந்து போய் எடுக்கலாம்னா உடம்பு வர மாட்டேங்குது. வீட்டுல இருந்து போனும் இல்ல. எனக்கே ஒரு சந்தேகம் இருக்கு சார். ஆனா யாரும் வந்து சொல்லலையே. காலைல கூப்பிடுறாங்க. இருக்கியான்னு நம்பிக்கையாக் கேக்குறப்ப இல்லைன்னு எப்படிச் சொல்றது? இத்தனை வருஷ சர்வீஸ்ல அப்படி ஒரு பதில் சொன்னதே இல்லையே." முன்னால் குனிந்தார். "உங்களைப் பாத்தா நல்லவராத் தெரியுது. சொல்லுங்க. எனக்கு என்ன ஆச்சு?"

மாஸ்டருக்கு வாய் திறந்தது. வலது கால் தரையை அழுத்தியது. "நீங்க வந்து... இங்க இல்ல."

"இல்லன்னா? மாத்தலா?"

"இல்ல சார். உங்க சம்சாரத்துக்கு நீங்க... இல்லாம போயிட்டீங்க."

"எங்க போயிட்டேன்?" என்று குழந்தை போலக் கேட்டார் பெரியவர். கேலி இல்லை, அவருக்கு நிஜமாகவே தெரிய வேண்டியிருந்தது. "உங்க வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?"

"என் வீட்டுக்காரி இல்ல."

"வெளியூரா?"

இதே கேள்வியை எட்டு மாதத்தில் எத்தனையோ பேர் கேட்டுவிட்டார்கள். "ம்" என்று தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். இப்போதும் நகர்ந்துவிடலாம், கதவு திறந்துதான் இருந்தது. ஆனால் எதிரில் உட்கார்ந்திருந்தவரின் தோளில் தூசி படிந்திருந்தது. யாரும் சொல்லாததால் மூன்று வருஷமாக ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார் மனுஷன். வீட்டில் வாசலில் கிடக்கும் செருப்பின் மேலும் இதே தூசிதான் என்று மாஸ்டருக்குத் தோன்றியது.

அவர் கால் தரையிலிருந்து எழும்பியது.

"செத்துட்டா சார்" என்றார். "என் பொண்டாட்டி செத்துட்டா. ஆபரேஷன்ல செத்துட்டா. நீங்களும் செத்துட்டீங்க சார். மூணு வருஷம் ஆச்சு. இதே மேஜையில."

சொல்லி முடித்ததும் மேஜை மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார். எட்டு மாத அழுகை. பெரியவர் பொறுமையாகக் காத்திருந்தார். அவருக்குக் காத்திருப்பது பழக்கம்.

"ரொம்ப நன்றி" என்றார் கடைசியில். "இதைச் சொல்ல ஒரு ஆள் இல்லையே." சட்டையின் தூசியைத் தட்டிக்கொண்டார். பக்கத்துச் சுவரில் இருந்த குழாயை இழுத்து வாயருகே வைத்து, இந்த முறை அடக்கிக்கொள்ளாமல் நன்றாகச் செருமினார்.

"நாலாம் பாதை பேசுறேன். இல்ல. நான் இல்ல."

குரல்கள் எல்லாம் ஒரு நொடி அமைதியாகின. பிறகு கிளம்பின. பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் வாசலை நோக்கி ஓடுவது போல அத்தனை துண்டுகளும் சுவர்களை விட்டு ஓடின. "அதனாலதான்டா"வும் "மன்னிச்சுரு"வும் "தாத்தா"வும் மாஸ்டரின் காதோரமாக உரசிக்கொண்டு மற்ற மூன்று பாதைகளை நோக்கிப் போயின. அவர் தலை நிமிர்ந்தபோது நாற்காலி காலியாக இருந்தது. கையில் இருந்த தேநீர் இன்னும் சூடாகவே இருந்தது.

கூடத்தில் ஒரே களேபரம். மூன்று பாதைகளிலும் சுமை ஏறிவிட்டது என்று முதல் பாதை அதிகாரி வியர்த்துக்கொண்டிருந்தார். பல வருஷத்தில் அவர் வியர்த்து யாரும் பார்த்ததில்லை. மூன்றாம் பாதை அதிகாரிக்குக் கொட்டாவி நின்றுவிட்டது. உயிரோடுதான் இருக்கிறார் என்று அன்றைக்குத்தான் ஊர்ஜிதமானது.

மறுநாள் இரங்கல் கூட்டம் நடந்ததாகக் கேள்வி. "நாலாம் பாதையின் மறைவுக்குப் பிறகு எல்லாப் பதிவுகளும் முழுமையாகவும் வேகமாகவும் சென்று சேர்கின்றன என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்" என்று இயக்குநர் அம்மையார் பேசினார். அனுமதியில்லாமல் ஒரு அதிகாரியை இறக்கச் செய்ததாகப் பிரேக் மாஸ்டர் மேல் விசாரணைக்கு ஒரு குழு போட்டார்கள். அதில் நாலு உறுப்பினர்கள். நாலாவது இடத்துக்கு வர யாரும் சம்மதிக்காததால் அந்தக் குழு இன்றுவரை கூடவில்லை. காலையில் மட்டும் அம்மையார் பழக்கதோஷத்தில் இன்னமும் நாலாவது குழாயில், "நாலாம் பாதை?" என்று கூப்பிட்டுவிடுகிறார். பதில் வருவதில்லை. இப்போதுதான் எல்லோருக்கும் பயமாக இருக்கிறதாம்.

ஆனால் அதெல்லாம் மறுநாள் கதை. அன்று சாயங்காலம் மாஸ்டர் வீட்டுக்கு வந்தபோது, ஊரில் பல வீடுகளில் போனைக் காதில் வைத்துக்கொண்டு ஆட்கள் வாசலில் வந்து நின்றிருந்தார்கள். சிலர் அழுதுகொண்டிருந்தார்கள், ஒருத்தர் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார். மாஸ்டர் வழக்கம்போலச் செருப்பைத் தாண்டி உள்ளே போனார்.

"போடு பாப்பா" என்றார்.

மகள் எண்ணைச் சுழற்றினாள். போனை நடுவில் வைத்துக்கொண்டு இருவரும் தரையில் உட்கார்ந்தார்கள்.

"பாப்பா, அம்மா பேசுறேன். நாளைக்குக் காலைல ஆபரேஷன். டாக்டரைப் பாத்தா நல்லவராத்தான் தெரியுறார். ஆனா நான் செத்துப்போனாலும் போயிருவேன், அதை உங்கப்பா சொல்ல மாட்டாரு, அதான் நானே சொல்லிடுறேன். அப்பாவைப் பத்திச் சொல்லணும். அவரு எல்லாத்துக்கும் பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இருப்பாரு. நீ அதுக்குக் கோவிச்சுக்காத. நமக்கு ஒண்ணும் ஆயிடக் கூடாதேன்னு பயம், வேற ஒண்ணுமில்ல. எனக்கு ஏதாவது ஆச்சுன்னா அழாம இருக்காதீங்க. ரெண்டு பேரும் சேந்து உக்காந்து அழுங்க. ஒரு வாரம் போதும். அப்புறம் வாசல்ல என் செருப்பு கிடக்கும், எடுத்துப் போட்ருங்க, தாண்டித் தாண்டிப் போயி யாராவது தடுக்கி விழப்போறீங்க."

பதிவு முடிந்தது. மூச்சுச் சத்தம் எதுவும் இல்லை.

மகள் அப்பாவின் தோளில் சாய்ந்து சத்தம் போட்டு அழுதாள். அவரும் அழுதார். அழுது ஓய்ந்த பிறகு, "பசிக்குதுப்பா" என்றாள்.

"இரு, வர்றேன்" என்று அவர் எழுந்து வாசலுக்குப் போனார். குனிந்து அந்தச் செருப்பை, கோணலாகக் கிடந்ததை முதலிலும் நேராகக் கிடந்ததைப் பிறகும், எடுத்தார். அது இருந்த இடத்தில் தூசி படியாத இரண்டு பாதத் தடங்கள் தரையில் அப்படியே தெரிந்தன. ஒரு துணியைக் கொண்டு வந்து அதையும் துடைத்தார்.